மணிக்கணக்குச் சம்பளமும் சம்பளமில்லா விடுமுறையும்



"வேலைக்கு வந்தால் சம்பளம், வராவிட்டால் இல்லை." மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களிடம் முதல் நாளே சொல்லப்படும் வாசகம் இது. தொழிற்சாலை, பேரங்காடி, தங்கும் விடுதி, மருத்துவமனைத் துப்புரவுப் பணி என்று எங்கு போனாலும் இதே பேச்சுத்தான். காலையில் கைரேகை இயந்திரத்தில் விரல் வைத்ததிலிருந்து மாலையில் மறுபடி விரல் வைக்கும் வரை உள்ள நேரத்துக்குக் கூலி. கேட்பதற்கு இது நியாயமாகவே படும். செய்யாத வேலைக்குச் சம்பளம் கேட்பது முறையா என்று தொழிலாளியே தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆனால் அந்த ஒரு வாசகத்துக்குள்தான், சட்டப்படி அவருக்குச் சேர வேண்டிய எத்தனையோ நாள்களின் சம்பளம் சத்தமில்லாமல் மறைந்துபோகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கினால் பகுதிநேரத் தொழிலாளி, மாதச் சம்பளம் வாங்கினால் முழுநேரத் தொழிலாளி என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சில நிர்வாகங்களும் அந்த நினைப்பை அப்படியே இருக்க விட்டுவிடுகின்றன. சட்டம் பார்ப்பது சம்பளம் கணக்கிடப்படும் முறையை அல்ல, வேலை செய்யும் நேரத்தை. பகுதிநேரத் தொழிலாளர்களுக்காக 2010-ஆம் ஆண்டில் தனி விதிமுறைகள் வந்தன. ஒரே நிறுவனத்தில் அதே மாதிரியான வேலையைச் செய்யும் முழுநேரத் தொழிலாளியின் வழக்கமான நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டைத் தாண்டாமல் வேலை செய்பவரே பகுதிநேரத் தொழிலாளி என்று அவை சொல்கின்றன. அக்தா கெர்ஜா எனப்படும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி வாரத்துக்கு வேலை நேரம் 48 மணியாக இருந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 45 மணியாகக் குறைக்கப்பட்டது. 45 மணி நேரம் வேலை நடக்கும் இடத்தில் அதன் 70 விழுக்காடு என்பது முப்பத்தொன்றரை மணி. அதற்கு மேல் வேலை செய்கிறவர், மணிக்கு இத்தனை வெள்ளி என்று சம்பளம் வாங்கினாலும், முழுநேரத் தொழிலாளிதான். மாதச் சம்பளக்காரருக்குள்ள பொது விடுமுறை, ஆண்டு விடுமுறை, மருத்துவ விடுமுறை எல்லாம் அவருக்கும் உண்டு.

இந்தச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித் தொழிலாளர் சட்டங்கள் இருப்பதால், அங்கே வேலை செய்பவர்கள் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, சம்பளமில்லா விடுமுறையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளமில்லா விடுமுறை கொடுக்க வேண்டும் என்று வேலைச் சட்டத்தில் ஒரு பிரிவுகூடக் கிடையாது. மாதச் சம்பளக்காரர் அப்படி விடுமுறை எடுத்தால் மாதக் கூலியை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதற்கு 2023-இல் நடப்புக்கு வந்த 18ஏ பிரிவில் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கணக்குக்காரருக்கு அதுவும் தேவைப்படுவதில்லை. வராத மணி, வராத மணிதான். ஆக, சம்பளமில்லா விடுமுறை என்பது கேட்டு வாங்கும் ஒன்று. நிர்வாகம் கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அதே நேரத்தில், தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் நிர்வாகமும் அதைத் தொழிலாளியின் மேல் சுமத்த முடியாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் அது விடுமுறை. ஒப்புதல் இல்லாவிட்டால் தொழிலாளிக்கு அது வேலைக்கு மட்டம் போட்டதாகிவிடும். முதலாளிக்கோ வேலை கொடுக்கத் தவறியதாகிவிடும்.

அதனால் சம்பளமில்லா விடுமுறைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால், அந்த நாள் உண்மையிலேயே சம்பளம் இல்லாத நாள்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. பல நேரங்களில் அப்படி இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மணிக்கு 10 வெள்ளி வாங்கும் ஒரு தொழிலாளி, நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்கிறார். போன மாதம் 24 நாள் வேலை செய்தார். மிகைநேர வேலை எதுவும் இல்லை. அவர் சம்பாதித்தது 1,920 வெள்ளி. மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ சம்பளம் வாங்குபவரின் ஒருநாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க, முந்தைய சம்பளக் காலத்தில் அவர் ஈட்டிய கூலியை, அவர் உண்மையில் வேலை செய்த நாள்களால் வகுக்க வேண்டும் என்கிறது 60ஐ பிரிவு. ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலைக்கான பணமும் நாள்களும் இந்தக் கணக்கில் சேராது. 1,920-ஐ 24-ஆல் வகுத்தால் 80 வெள்ளி. இனி இந்தத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை எது வந்தாலும், அந்த ஒரு நாளுக்கு 80 வெள்ளி சேர வேண்டும்.

அப்படி எத்தனை நாள்கள் அவருக்கு வருகின்றன? அரசாங்கப் பதிவேட்டில் அறிவிக்கப்பட்ட பொது விடுமுறைகளில் 11 நாள். ஆண்டு விடுமுறை, ஓராண்டு முடித்து இரண்டாண்டு ஆகாதவருக்கு 8 நாள். இரண்டாண்டு முடிந்தால் 12, ஐந்தாண்டு முடிந்தால் 16. மருத்துவ விடுமுறை, அதே வரிசையில் 14, 18, 22 நாள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் அதற்கு வேறாக 60 நாள் வரை உண்டு. நோய் நொடி எதுவும் வராத ஓர் ஆண்டாகவே இருக்கட்டும். பொது விடுமுறையும் ஆண்டு விடுமுறையுமே 19 நாள். நாளுக்கு 80 என்றால் 1,520 வெள்ளி. மணிக்கணக்குத் தொழிலாளிக்கு அது சின்னத் தொகையா? முக்கால் மாதச் சம்பளத்துக்கும் மேலே அல்லவா! எம்.சி. நாள்களையும் முழுதாகச் சேர்த்தால் 33 நாள், 2,640 வெள்ளி.

மாதச் சம்பளக்காரருக்கு இதில் தொல்லை இல்லை. தேசிய தினத்தன்று அவர் வீட்டில் இருந்தாலும் மாதச் சம்பளத்தில் ஒரு சென்னும் குறையாது. குறையாமல் வந்தாலே விடுமுறைச் சம்பளம் கொடுத்தாயிற்று என்று சட்டமும் எடுத்துக்கொள்கிறது. மணிக்கணக்குக்காரருக்கோ விடுமுறைச் சம்பளம் தனியாகச் சேர்க்கப்பட வேண்டும். கைரேகை இயந்திரத்தில் அன்றைக்குப் பதிவு இருக்காது. கணக்குப் போடுபவர் சேர்க்க மறந்தாலும் சரி, மறந்ததுபோல் இருந்தாலும் சரி, அந்த நாள் சம்பளமில்லா விடுமுறையாகவே மாறிப்போகும். சம்பளச் சீட்டில் மொத்த மணியும் மொத்த வெள்ளியும் மட்டும் இருந்தால், இதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

பொது விடுமுறையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் வீட்டோடு நேரடியாகத் தொடர்புள்ளது. சட்டம் சொல்லும் 11 விடுமுறைகளில் ஐந்து கட்டாயமானவை: தேசிய தினம், மாட்சிமை தங்கிய மாமன்னரின் பிறந்தநாள், அந்தந்த மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநரின் பிறந்தநாள் (கூட்டரசுப் பிரதேசங்களில் கூட்டரசுப் பிரதேச தினம்), தொழிலாளர் தினம், மலேசிய தினம். மற்ற ஆறையும் அறிவிக்கப்பட்ட பொது விடுமுறைகளிலிருந்து நிர்வாகமே தேர்ந்தெடுக்கும். கட்டாயமான ஐந்தில் தீபாவளி இல்லை. சீனப் பெருநாளும் நோன்புப் பெருநாளும்கூட இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் தீபாவளியைச் சேர்த்துக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனால் எந்த ஆறு என்பதை ஆண்டு தொடங்குவதற்கு முன்பே வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. டிசம்பர் மாதத்தில் அறிவிப்புப் பலகையை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால், அக்டோபரிலும் நவம்பரிலும் வாக்குவாதம் வராது.

தீபாவளி பட்டியலில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் வேலை, வீடு சுங்கை சிப்புட்டில். தீபாவளிக்கு முதல் நாள் மாலை வரை வேலை செய்துவிட்டுப் பேருந்து ஏறினால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்துக்குள் வீடு போய்ச் சேர முடியாது. அதனால் முதல் நாள் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார். ஒருநாள் சம்பளம்தானே, போனால் போகட்டும் என்பது அவர் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. பொது விடுமுறைக்கு முந்தின வேலைநாளிலோ பிந்தின வேலைநாளிலோ முன் அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் வேலைக்கு வராதவருக்கு, அந்தப் பொது விடுமுறையின் சம்பளமும் கிடையாது. ஒருநாள் என்று நினைத்தது இரண்டு நாளாகிவிடுகிறது. அதே நாளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தால், இழப்பு முதல் நாளோடு நின்றிருக்கும். தீபாவளிச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். இந்த விதி தெரியாமல் ஆண்டுதோறும் ஏமாறுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

எம்.சி. விஷயத்திலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. கிளினிக்கில் எம்.சி. எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. மருத்துவ விடுமுறை தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும், குறைந்தது தெரிவிக்க முயற்சியாவது செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உண்மையான எம்.சி. கையில் இருந்தாலும், அனுமதியில்லாமல் வராத நாளாகவே அது கணக்கிடப்படும். மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு நான்காம் நாள் எம்.சி.யைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது? எம்.சி. என்பது தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள விடுமுறை கொடுக்க வேண்டும் என்று வேலைச் சட்டத்தில் இல்லை. ஆண்டு விடுமுறை முடிந்துபோன தாய்க்குச் சம்பளமில்லா விடுமுறையே மிச்சம். 2023-இல் 60பி, 60கியூ என்னும் பிரிவுகள் வந்திருக்கின்றன. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். நிர்வாகம் 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும்; மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். அடிக்கடி நோயில் விழும் பிள்ளையை வைத்துக்கொண்டு இரவு ஷிப்டில் அல்லாடும் தாய்க்கு இது ஓரளவு பயன்படும். இன்று இரவு காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்கு, 60 நாள் கழித்து வரும் பதில் எதற்கு ஆகும் என்று கேட்டால், அதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

மரண வீடுதான் இதைவிடப் பெரிய குறை. தாயோ தகப்பனோ இறந்தால் இத்தனை நாள் விடுமுறை என்று வேலைச் சட்டத்தில் எங்கும் இல்லை. திருமணமான ஆண்களுக்கு மனைவியின் பிரசவத்துக்கு 7 நாள் விடுமுறை 2023-இல் வந்தது. மகப்பேற்று விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பிறப்புக்குச் சட்டம் வழிவிட்டது. இறப்புக்கு இன்னும் விடவில்லை. தொழிற்சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் உள்ள இடங்களில் துக்க விடுமுறை எழுதப்பட்டிருப்பதுண்டு. சில நிர்வாகங்கள் தாமாகவே கொடுக்கின்றன. குத்தகையாளரின் கீழ் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளிக்கும் பாதுகாவலருக்கும் பெரும்பாலும் இவை எதுவும் இல்லை. நம் வழக்கத்தில் ஒரு சாவு ஒரே நாளோடு முடிவதில்லை. அடக்கம் அல்லது தகனம், மறுநாள் பால் தெளிப்பு, பிறகு பதினாறாம் நாள் காரியம். கொள்ளி வைத்த மகன் குறைந்தது மூன்று தடவை விடுமுறை கேட்க வேண்டும். ஆண்டு விடுமுறை மிச்சம் இருந்தால் அதில் கழியும். இல்லாவிட்டால் அத்தனையும் சம்பளமில்லா விடுமுறைதான். மூன்று நாள் துக்க விடுமுறையைச் சட்டத்தில் எழுதிவிட்டால் எந்த நிறுவனமும் நொடித்துப்போகாது. எல்லா இனத்தாருக்கும் பொதுவான துக்கம் இது. நம்முடைய குறை என்று மட்டும் யாரும் ஒதுக்கிவிட முடியாது.

அந்த மரண வீட்டில்தான் ஆபத்தும் இருக்கிறது. வேலைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் ஒரு விதி உண்டு. முன் அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலைநாளுக்கு மேல் ஒரு தொழிலாளி வராமல் இருந்தால், அவரே வேலை ஒப்பந்தத்தை முறித்துவிட்டதாகக் கொள்ளப்படும். அதாவது மூன்றாம் நாள் வராதபோது, தானாகவே வேலையை விட்டுப் போனவர் என்று நிர்வாகம் எழுதிவிடலாம். தக்க காரணம் இருந்து, அதை முன்கூட்டியோ முடிந்த முதல் வாய்ப்பிலோ நிர்வாகத்துக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால், இந்த விதி அவரைத் தொடாது. தகப்பன் இறந்தது தக்க காரணம்தான், யாரும் மறுக்கமாட்டார்கள். தகராறு வருவது இரண்டாவது நிபந்தனையில். "சுப்பர்வைசருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்" என்பார் தொழிலாளி. "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பார் சுப்பர்வைசர். அந்தச் சுப்பர்வைசரே வேலை மாறிப் போயிருந்தால் கதை இன்னும் மோசம்.

ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். "அப்பா இன்று காலை தவறிவிட்டார், வெள்ளிக்கிழமை வரை சம்பளமில்லா விடுமுறை வேண்டும்" என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி எழுதி, சுப்பர்வைசருக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடலாம். அழுதுகொண்டிருக்கும் மகனுக்கு அது தோன்றாது. பக்கத்தில் இருக்கும் மருமகனோ தம்பியோ அவர் கைத்தொலைபேசியை வாங்கி அனுப்பிவிட வேண்டும். திரும்பி வேலைக்குப் போனதும் விடுமுறைப் பாரத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அனுமதி ஒன்று இருந்தால் மூன்று பாதுகாப்பு. வேலையை விட்டுப் போனவர் என்று எழுத முடியாது. இடையில் பொது விடுமுறை வந்தால் அதன் சம்பளத்தை வெட்ட முடியாது. மூன்றாவது, ஓராண்டின் வேலைநாள்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் வராதவருக்கு ஆண்டு விடுமுறையே கிடையாது என்று ஒரு விதி இருக்கிறது. அனுமதியோடு எடுத்த நாள்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

விடுமுறை முடிந்து வந்த பிறகு நடக்கும் கணக்கு வேறொரு கூத்து. "திங்கட்கிழமை வரவில்லை, இந்த வாரம் உனக்கு 45 மணி சேரவில்லை, அதனால் புதன்கிழமை செய்த இரண்டு மணிக்கு ஓவர்டைம் கிடையாது" என்று சொல்லும் இடங்கள் உண்டு. கேட்கும்போது சரியாகவே இருக்கும். ஆனால் சட்டம் மிகைநேரத்தை நாள்கணக்கில் பார்க்கிறது. அன்றைய வழக்கமான நேரத்தைத் தாண்டிச் செய்த வேலை மிகைநேர வேலை. மணிக்கு ஒன்றரை மடங்கு. மணிக்கு 10 வெள்ளி வாங்குபவருக்கு 15 வெள்ளி. திங்கட்கிழமையின் சம்பளம் போனது போனதுதான். அது புதன்கிழமையின் மிகைநேரத்தை விழுங்க முடியாது. அதேபோல, வராத நாளுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய் என்று கூப்பிடுவதும் நடக்கிறது. அந்த ஞாயிறு அவருக்கு ஓய்வு நாளாகக் குறிக்கப்பட்டிருந்தால், மணிக்கணக்குத் தொழிலாளிக்கு அரை நாள் வரையிலான வேலைக்கு ஒருநாள் சம்பளம், அதற்கு மேல் முழு நாள் வரை இரண்டு நாள் சம்பளம். வெறும் 80 வெள்ளி கொடுத்து ஈடுகட்டிவிட முடியாது. மிகைநேரம், ஓய்வு நாள் பற்றிய இந்த விதிகள் மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாமல் சம்பளம் பெறுபவர்களுக்கு உரியவை. மணிக்கணக்குத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குள்தான் வருவார்கள்.

இதுவரை பார்த்தது தொழிலாளி கேட்கும் விடுமுறை. நிர்வாகமே "ஆர்டர் குறைந்துவிட்டது, இரண்டு வாரம் வீட்டில் இருங்கள், சம்பளம் கிடையாது" என்று சொன்னால்?

பழைய தோட்டத்து வாழ்க்கையை நினைத்துப் பார்க்கலாம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்று, பேர் கொடுத்தால்தான் அன்றைய கூலி. மழை என்றால் மரம் வெட்ட முடியாது. அப்படி நாள்கூலிக்கு வேலை செய்த தோட்டத் தொழிலாளிக்காகவே வேலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு எழுதப்பட்டது. மாதத்தில் குறைந்தது 24 நாள் வேலை கொடுக்க வேண்டும். வேலை செய்யத் தயாராகவும் தகுதியோடும் இருப்பவருக்குக் கொடுக்க முடியாமல் போனால், அந்த நாள்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்றது அது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்த பேரப்பிள்ளைக்கு, தாத்தாவுக்கு இருந்த அந்த 24 நாள் உறுதி இல்லை! அந்தப் பிரிவு தோட்டத்தை மட்டுமே சொல்கிறது.

தொழிற்சாலையில் உள்ளவருக்கு வேறு வழி இருக்கிறது. 1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்தச் சலுகை விதிமுறைகள் அவை. வேலை கொடுத்தால்தான் சம்பளம் என்ற நிலையில் உள்ள ஒருவருக்குத் தொடர்ச்சியான நான்கு வாரங்களில் மொத்தம் 12 வேலைநாளாவது வேலை கொடுக்கப்படாமல், அந்தக் காலத்துக்குச் சம்பளமும் இல்லாமல் போனால், அவர் வேலை நிறுத்தி வைக்கப்பட்டவராகக் கருதப்படுவார். ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால் அவருக்கு இழப்பீடு உண்டு. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். அதனால் "சம்பளமில்லா விடுமுறைக்குச் சம்மதிக்கிறேன்" என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டால், வேலை கொடுக்கப்படவில்லை என்று பிறகு சொல்லும் வாதம் பலவீனமாகிவிடும். எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முடிந்ததும் அதே வேலை அதே சம்பளத்தில் கிடைக்குமா என்பதெல்லாம் தாளில் இல்லாவிட்டால், எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாடெங்கும் இந்தத் தாள்கள் நீட்டப்பட்டன. அந்தக் காலத்தில் சொக்சோ ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெற்று, குறைந்தது 30 நாள் சம்பளமில்லா விடுமுறைக்கு ஒப்புக்கொண்டவர்களுக்கு மாதம் 600 வெள்ளி கொடுக்கப்பட்டது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விடுமுறையாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அந்த நெருக்கடியிலும், முதலாளி தனியாக முடிவெடுத்ததை யாரும் விடுமுறை என்று ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு முழு மாதம் சம்பளமில்லா விடுமுறையில் இருந்தால் அந்த மாதம் இபிஎப் சந்தாவும் இல்லை, சொக்சோ சந்தாவும் இல்லை. இபிஎப்பில் விழும் துளை வயதான பிறகு தெரியும். சொக்சோவில் விழுவது அதற்கு முன்பே தெரியலாம். உடல் செயலிழந்து இயலாமை ஓய்வூதியம் கேட்கும்போது, தொடர்ச்சியான 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு மாதம் இரண்டு மாதத்தால் பெரிய மாற்றம் வராது. அடிக்கடி நீண்ட விடுமுறை எடுப்பவர்களும், இடையிடையே வேலையை விட்டு நிற்பவர்களும் இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. சிங்கப்பூரில் இரண்டு வயதுக்குட்பட்ட குடியுரிமைக் குழந்தையின் பெற்றோருக்கு, ஆண்டுக்கு 6 நாளாக இருந்த சம்பளமில்லாக் குழந்தைப் பராமரிப்பு விடுமுறை 2024 ஜனவரியிலிருந்து 12 நாளாக உயர்ந்தது. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம், தகுதி பெற்ற தொழிலாளிக்கு ஆண்டுக்கு 12 வாரம் சம்பளமில்லா விடுமுறையை உரிமையாகக் கொடுத்தது. விடுமுறை முடிந்து வருபவருக்கு வேலை காத்திருக்க வேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை போகாது என்ற உறுதியை ஒரு சட்டத்தால் கொடுக்க முடியும் என்பதற்கு இவை சான்று. இங்கே அந்த உறுதி சுப்பர்வைசரின் மனநிலையைப் பொறுத்திருக்கிறது.

சம்பளம் குறைவாக வந்திருக்கிறது, விடுமுறை நாள் விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தால், பக்கத்திலுள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை, விசாரணையை இலாகாவே நடத்தும். வேலையே போய்விட்டது என்றால் அது வேறு பாதை. 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ், வேலை நீக்கப்பட்ட 60 நாளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். அந்த 60 நாள் கெடு கறாரானது. கருமாதி முடியட்டும், பெருநாள் முடியட்டும் என்று நாளைக் கடத்தி, 65-ஆம் நாள் போய் நிற்பவருக்கு அங்கே கதவு திறப்பதில்லை. வேலை போன தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே போய்விடுவது நல்லது.

புகாருக்குச் சம்பளச் சீட்டுகள், விடுமுறைப் பாரத்தின் நகல், அனுப்பிய செய்திகள் எல்லாம் உதவும். அவற்றைத் தொலைத்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. தொழிலாளர்களின் பதிவேட்டை நிர்வாகம் ஆறு ஆண்டுக்குக் குறையாமல் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது வேலைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு. நான்கு ஆண்டுக்கு முந்தைய தீபாவளிக்குச் சம்பளம் சேர்க்கப்பட்டதா இல்லையா என்பதை, இலாகா அதிகாரி அந்தப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட முடியும்.